நான்கு முறை விழுந்த கோட்டை

திருகோணமலைக் கோட்டையைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் அழுத்திச் சொல்லாத ஒரு செய்தி உண்டு. முற்றுகை என்று வந்தபோதெல்லாம் அது விழுந்திருக்கிறது. 1639இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு கைகோத்த டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்தார்கள். 1782 ஜனவரியில் டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். அந்த வருஷம் முடியக்கூட இல்லை, ஆகஸ்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். ஒப்பந்தத்தில் டச்சுக்காரர் கைக்குத் திரும்பிய கோட்டையை 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் மறுபடியும் வந்து எடுத்துக்கொண்டார்கள். உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்த இடம். அதைக் காக்கவென்று கட்டிய கோட்டையின் இலட்சணம் இது.

விழுந்த கோட்டைகளை வரலாற்றுப் புத்தகங்கள் இரண்டு வரியில் முடித்துவிடும். தளபதி சரணடைந்தார், கொடி மாறியது. அந்த இரண்டு வரிக்குள் குண்டுச் சத்தத்தில் கிடந்தவர்கள் யார், சுவருக்கு வெளியே மணலில் பள்ளம் வெட்டியவர்கள் யார் என்று தேடிப்போனால், அவர்களில் கணிசமானவர்கள் நம் கரையிலிருந்து கப்பல் ஏறியவர்கள். அவர்களுக்கு அங்கே ஒரு கல்லாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் நான் போனேன்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு இப்போது கப்பல் ஓடுகிறது. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, பிறகு 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற பெயரோடு மறுபடி புறப்பட்டது. நாலு மணி நேரப் பயணம். யாழ்ப்பாணத்தில் இறங்கி வவுனியா வழியாக பஸ் பிடித்தால் திருகோணமலை, ஊர்ப்பேச்சில் திருமலை. இந்த வழியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. 1781 நவம்பரில் நாகப்பட்டினத்தை டச்சுக்காரர்களிடமிருந்து பறித்த ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி எட்வர்ட் ஹியூஸ், 1782 ஜனவரி 2ஆம் தேதி அங்கிருந்து பாய் விரித்து 4ஆம் தேதி திருகோணமலை விரிகுடாவில் நங்கூரம் போட்டார். அந்தக் கப்பல்களில் வெள்ளைக்கார மாலுமிகளோடு, கடல் தாண்டிப் போக முன்வந்த சிப்பாய்களும் இருந்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அப்போது தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களுமாகக் கலந்திருந்தார்கள். நாகையில் ஒரு முற்றுகையை முடித்துவிட்டு, இரண்டு மாதம்கூட மூச்சு விடாமல் அடுத்த முற்றுகைக்குப் போனவர்கள். ஏன் முன்வந்தார்கள்? படிக்காசு ஒரு காரணமாக இருந்திருக்கும். அது ஹைதர் அலி கர்நாடகத்தைப் புரட்டிப்போட்ட காலம். ஊரில் விளைச்சல் இல்லை, வயிறு இருந்தது. தஞ்சைச் சீமையிலிருந்து பார்த்தால் இலங்கை மோசமான இடமாகத் தெரிந்திருக்காது.

கோட்டைக்கு இன்றைய பெயர் பிரெடரிக் கோட்டை. ஆங்கிலேய அரசகுமாரன் ஒருவன் பெயரை 1803இல் வைத்தார்கள். உள்ளே இராணுவ முகாம். ஆனால் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியும் அதுதான் என்பதால் வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அர்ச்சனைத் தட்டோடு குடும்பங்கள் நடக்க, பக்கத்தில் சிப்பாய் துப்பாக்கியோடு நிற்க, நடுவில் புள்ளிமான்கள் யாரையும் சட்டை செய்யாமல் திரிகின்றன. வாழைப்பழத் தோலுக்காக ஒரு மான் என் பையை முகர்ந்துவிட்டுப் போனது.

வாயிலில் நின்று நிலைக்கல்லைப் பாருங்கள். முகப்பில் 1675 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது. அதற்குக் கீழே, வருகிறவர்கள் கண்ணில் படாத இடத்தில், தமிழ் எழுத்து வெட்டிய கல் ஒன்று நிலையோடு நிலையாகச் செருகியிருக்கிறது. பாதி எழுத்து தேய்ந்துவிட்டது. கயல் இரண்டும் உண்டு. 1624இல் கான்ஸ்டன்டினோ த சா என்ற போர்த்துக்கீசத் தளபதி கோணேசர் கோயிலை இடித்த கல்லைக்கொண்டு கோட்டை கட்டினான் என்பது ஊரறிந்த கதை. அந்தக் கல் இன்னும் சுவரில்தான் வேலை செய்துகொண்டிருக்கிறது. விரலால் தடவிப் பார்க்கலாம். காவலுக்கு நிற்கிற சிப்பாய் ஒன்றும் சொல்வதில்லை. எழுத்தின் பள்ளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடைத்துக் கிடக்கிறது. எத்தனை முறை எத்தனை பேர் சுண்ணாம்பு அடித்தார்களோ.

கோட்டை ஏன் விழுந்தது என்பது மேலே ஏறி நின்றால் புரியும். நிலம் கடலுக்குள் நீட்டிக்கொண்டு போய், கோணேசர் மலையாக முந்நூறு அடிக்கு மேல் எழும்பி, இராவணன் வெட்டில் செங்குத்தாக இறங்குகிறது. மூன்று பக்கம் கடல். நாலாவது பக்கம், ஊரை ஒட்டிய குறுகிய கழுத்து. அதன் குறுக்கே சுவர் எழுப்பினால் போதும் என்று டச்சுக்காரர்கள் நினைத்தார்கள். கடல் வழியாக யாரும் ஏற முடியாது, உண்மைதான். ஆனால் ஊர்ப்பக்கம் பீரங்கி கொண்டுவந்து நிறுத்தினால் அடி முழுவதும் அந்த ஒரே சுவரில் விழும். இன்னொரு குறை பெரியது. உட்துறைமுகத்தின் வாய் தெற்கே இருக்கிறது. இந்தக் கோட்டையிலிருந்து அதைச் சுட்டுத் தடுக்க முடியாது. அதற்காக ஓஸ்டன்பர்க் என்று இரண்டாவது கோட்டை கட்டினார்கள். முதல் கோட்டை விழுந்தால் இரண்டாவது தனித்துப்போகும். நான்கு முற்றுகைகளில் மூன்றில் கிட்டத்தட்ட இதே நாடகம்தான் நடந்தது.

1795 முற்றுகையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஹாலந்தைப் பிரெஞ்சுப் புரட்சிப் படை பிடித்துக்கொண்டது. இங்கிலாந்துக்கு ஓடிவந்த டச்சு அதிபர், தம் குடியேற்ற நாடுகளின் கோட்டைகளை ஆங்கிலேயருக்குத் திறந்துவிடும்படி கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தோடு கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் கடற்படைத் தளபதி பீட்டர் ரெய்னியரும் ஜூலை கடைசியில் சென்னையிலிருந்து கிளம்பி, ஆகஸ்டு தொடக்கத்தில் திருகோணமலைக்கு வந்தார்கள். டச்சுத் தளபதி கடிதத்தை ஏற்கவில்லை. அதற்குள் ‘டயோமீட்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் நீருக்குள் மறைந்திருந்த பாறையில் மோதிச் சரக்கோடு மூழ்கியது.

கரையிறங்கின படையில் 72ஆம் ரெஜிமெண்டும் வேறு இரண்டு வெள்ளைப் படைகளின் பிரிவுகளும் இருந்தன. அவற்றோடு சென்னைச் சிப்பாய்ப் பட்டாலியன்கள் இரண்டு, 1ஆவதும் 23ஆவதும். அலை ஓயாத கரையில் பீரங்கியையும் குண்டையும் இறக்கி முடிக்கவே பத்து நாளானது. பிறகு அவற்றை மணலில் இழுத்துவர வேண்டும். ஆகஸ்டு வெயில், கிழக்குக் கரை, சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசுகிற மாதம். சக்கரம் புதையும். பீரங்கி இழுக்கிற லஸ்கர்கள், மண்வெட்டி பிடிக்கிற பயனியர்கள், சிப்பாய்கள், மாலுமிகள் எல்லோரும் தோள் கொடுக்க வேண்டும். 18ஆம் தேதி இரவில் அகழி வெட்டத் தொடங்கினார்கள். 23ஆம் தேதி பீரங்கிகள் பேசின. கோட்டைக்குள் இருந்த டச்சுப் படையில் மலாய்க்காரர்கள் இருந்தார்கள். ஒருநாள் அவர்கள் வெளியே பாய்ந்து பீரங்கி மேட்டைத் தாக்கிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். ஆக, நாம் ‘டச்சு–ஆங்கிலேயப் போர்’ என்று படிக்கிற சண்டையில், மண்மேட்டின் மேல் ஒருவரையொருவர் குத்திக்கொண்டவர்கள் ஜாவாப் பக்கத்து ஆட்களும் நம்மூர் ஆட்களுமாக இருந்திருக்கலாம். 26ஆம் தேதி சுவரில் வழி விழுந்தது. படை உள்ளே பாயும் முன் தளபதி வெள்ளைக்கொடி காட்டிவிட்டார். 31ஆம் தேதி ஓஸ்டன்பர்க்கும் போனது. அதற்கப்புறம் 1957 வரை அந்தத் துறைமுகம் ஆங்கிலேயர் கையில்.

இதற்கு நேர்மாறானது 1782 ஆகஸ்டு. ஆங்கிலேயக் காவற்படையை மக்டவல் என்ற தளபதியின் கீழ் விட்டுவிட்டு ஹியூஸ் சென்னைக்குப் போயிருந்தார். கடலூர்ப் பக்கம் ஹைதர் அலியைச் சந்தித்துவிட்டுக் கிளம்பிய பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன், 25ஆம் தேதி வந்து சேர்ந்தார். அவருக்கு நேரமில்லை, ஹியூஸ் எந்த நாளும் வந்துவிடலாம். அதனால் அவசர அவசரமாகப் பீரங்கி ஏற்றி, சரணடைந்தால் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவிடுகிறேன் என்று தாராளமாக வாக்குக் கொடுத்தார். 30ஆம் தேதி ஒரு கோட்டை, 31ஆம் தேதி மற்றது. செப்டம்பர் 2ஆம் தேதி ஹியூஸ் வந்து பார்க்கும்போது கொத்தளத்தில் பிரெஞ்சுக் கொடி. மறுநாள் நடந்த கடற்சண்டையில் யாருக்கும் வெற்றியில்லை. ஹியூஸ் சில நாள் முன்னால் வந்திருந்தால் பாடப்புத்தகம் வேறு மாதிரி இருக்கும் என்று சரித்திரக்காரர்கள் ஆசைப்படுவார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை. 1784இல் பாரிஸில் உட்கார்ந்து எழுதின ஒப்பந்தத்தில் நாகப்பட்டினம் ஆங்கிலேயருக்கு, திருகோணமலை டச்சுக்காரருக்கு என்று பங்கு பிரித்தார்கள். இரண்டு ஊர்க்காரர்களையும் யாரும் கேட்கவில்லை.

அந்தக் கடற்சண்டைக்கு ஒரு நினைவுச்சின்னம் உண்டு. அது இருப்பது இங்கிலாந்தில். ‘திருகோணமலை’ என்று பெயர் வைத்துப் பம்பாயில் தேக்கு மரத்தில் ஒரு போர்க்கப்பல் கட்டினார்கள். கட்டியவர் வாடியா குடும்பத்துப் பார்சி, ஜம்ஷெட்ஜி பொமன்ஜி. தண்ணீரில் இறக்கியது 1817இல். இன்றைக்கும் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் அது மிதந்துகொண்டிருக்கிறது, டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம். மரத்துக்கு இருநூறு வயது தாண்டிவிட்டது.

திருமலையில் என்ன இருக்கிறது? கோட்டைக்குச் சற்றுத் தள்ளி, டச்சுக் கடற்படை ஆணையர் குடியிருந்த பழைய மாளிகையைப் புதுப்பித்துக் கடல்சார் அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். தடித்த சுவர், தூண் வரிசை, காற்று நன்றாக வருகிற மாடி. வெளியே கொளுத்துகிற வெயிலில் அந்தக் காற்றுக்கே போகலாம். நெதர்லாந்தின் உதவியோடு செய்த பராமரிப்பு, நன்றாகவே செய்திருக்கிறார்கள். வரைபடங்கள், கப்பல் மாதிரிகள், கடல் வணிகத்தின் கதை. ஒவ்வொரு தளபதிக்கும் பெயர் இருக்கிறது. ஒவ்வொரு கப்பலுக்கும் பெயர் இருக்கிறது. பீரங்கிக்கு எத்தனை இறாத்தல் குண்டு என்ற கணக்கும் கிடைக்கும். நான் பார்த்த வரையில் ஒரு சிப்பாயின் பெயர் இல்லை, ஒரு மலாய்க்காரனின் பெயர் இல்லை, மண்வெட்டி பிடித்தவன் பெயர் இல்லவே இல்லை.

ஓஸ்டன்பர்க் கோட்டைக்குப் போவது இலேசில்லை. அது கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. வாசலில் அடையாள அட்டை காட்டிப் பதிந்து, அவர்கள் அனுப்புகிற ஆளோடுதான் ஏற வேண்டும். உச்சியில் ஹூட்ஸ் டவர் அருங்காட்சியகம். சாமுவேல் ஹூட் என்ற கடற்படைத் தளபதியின் பெயர். 1814இல் சென்னையில் செத்துப்போனவர். டச்சுச் சுவர்களின் மேல் பின்னால் வந்த ஆங்கிலேயர் ஆறு அங்குலப் பீரங்கிகளைப் பொருத்தினார்கள், அவை இன்னும் அங்கே கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. அடியில் வெடிமருந்துக் கிடங்குகள், குளிர்ந்த சுரங்க வழிகள். கூட வந்த கடற்படை இளைஞர் சிங்களவர். கொஞ்சம் தமிழ், கொஞ்சம் ஆங்கிலம். பீரங்கியின் வாயைத் திருப்பிய சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார், எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்கள், நகர்ந்தது. “இங்கே நின்ற ஆட்கள் யார் யார் என்று பட்டியல் ஏதும் இருக்கிறதா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “ஆட்களா சேர்? பீரங்கிதான் சேர் இருக்கு” என்றார்.

பெயர் பார்க்க வேண்டுமென்றால் நிலாவெளி வீதிக்குப் போக வேண்டும். ஓட்டோக்காரர், “அண்ணா, பீச்சுக்கா, மயானத்துக்கா?” என்று கேட்டார். மயானம் என்றதும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். பிரிட்டிஷ் போர் மயானம். புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒரு சருகு இல்லாமல் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லிலும் படைச் சின்னம், எண், பதவி, பெயர், இறந்த தேதி, பெரும்பாலும் வயது. 19, 21, 22 என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போகும்போது கால் தானாக மெதுவாகிறது. தளபதிக்கும் அடுப்படி ஆளுக்கும் ஒரே அளவுக் கல். முதல் உலகப்போர்க் காலத்தில் எடுத்த முடிவு அது. சாவில் பதவி கிடையாது என்பது இப்படிப்பட்ட மயானங்களைப் பராமரிக்கும் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் கொள்கை. நல்ல கொள்கைதான். ஆனால் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் செத்த கறுப்பு, பழுப்பு நிறத்து வீரர்கள் விஷயத்தில் அதைப் பல இடங்களில் கடைப்பிடிக்கவில்லை, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயரே பொறிக்கவில்லை என்று அந்த ஆணையமே 2021இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. நூறு வருஷம் கழித்தாவது கேட்டார்கள்.

இரண்டாம் உலகப்போரில் திருமலையை யாரும் முற்றுகையிடவில்லை. ஆனால் 1942இல் இங்கிருந்தவர்களுக்கு முற்றுகையில் இருப்பது போலத்தான் இருந்திருக்கும். பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் ஜப்பானியக் குண்டு. அடுத்தது திருமலை என்று எல்லோருக்கும் தெரியும். 8ஆம் தேதி இரவு துறைமுகத்துக் கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலும் போனது, அதில் ஒரு விமானம்கூட இல்லாமல். 9ஆம் தேதி காலை துறைமுகத்தில் குண்டு விழுந்தது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸைக் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள். 307 பேர் செத்தார்கள். சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்றின் மேல் ஜப்பானிய விமானம் ஒன்று நேராகப் போய் விழுந்தது, ஏழு நாள் எரிந்ததாகச் சொல்கிறார்கள். உருகி மடிந்த இரும்புச் சுவர் இன்னும் காட்டுக்குள் கிடக்கிறது. மிச்சம் 99 தாங்கிகள். அவற்றை யார் எடுத்துக்கொள்வது என்று கொழும்பும் டில்லியும் 2022 வரை பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தன. திருமலைக்குப் பங்குபோடுகிறவர்கள் என்றைக்கும் குறைந்ததில்லை.

அண்மைக் காலத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். விரிகுடாவின் மறுகரையில் மூதூர். முன்பெல்லாம் படகு, இப்போது கிண்ணியாப் பாலம் வழியாக பஸ். 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று மதகை அடைத்ததில் தொடங்கிய சண்டை ஆகஸ்டு முதல் வாரத்தில் மூதூருக்குள் வந்தது. புலிகள் ஊரைச் சூழ்ந்தார்கள். இறங்குதுறைக் கடற்படை முகாமும் கட்டைபறிச்சான் இராணுவ முகாமும் விழாமல் நின்றன. அதுவும் முற்றுகையைத் தாங்கினதுதான்; அரசாங்கம் அதைப் பெருமையாகச் சொல்கிறது, சொல்லட்டும். ஆனால் இரண்டு பக்கத்து ஷெல்லுக்கும் நடுவில் பள்ளிக்கூடங்களிலும் மதரசாவிலும் ஒதுங்கிக் கிடந்து, பிறகு பல்லாயிரக்கணக்கில் கந்தளாய்க்கு நடந்து போனவர்கள் மூதூர் முஸ்லிம்கள். அதே நாட்களில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர், 16 தமிழரும் ஒரு முஸ்லிமும், அவர்களுடைய அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஓர்ஸ் ஹில் இராணுவ அருங்காட்சியகத்தில் பிடிபட்ட ஆயுதங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். பார்த்தேன். வென்றவன் வைக்கிற அருங்காட்சியகம் எந்த நாட்டிலும் அப்படித்தான் இருக்கும். டச்சுக்காரனும் ஆங்கிலேயனும் வேறு மாதிரி வைத்திருக்க மாட்டார்கள்.

மூதூரில் ஒரு பெரியவர் தேநீர்க் கடையில் என்னிடம் கேட்டார்: “நீங்க இந்தியாக்காரர் தானே, எங்கட ஊர்ச் சண்டைய எழுதவா வந்தீங்க, இல்ல வெள்ளைக்காரன்ட சண்டைய எழுதவா?” இரண்டும்தான் என்றேன். “அப்ப வெள்ளைக்காரன்ட சண்டைய முதல்ல எழுதுங்க. அதில செத்தவன்ட ஆக்கள் யாரும் இப்ப வந்து கோவிக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் காசை என்னைக் கொடுக்கவிடாமல் அவரே கொடுத்தார்.

அவர் சொன்னபடி வெள்ளைக்காரன் சண்டைக்கே வருகிறேன். அதில் செத்த நம்முடைய ஆட்களின் பெயரைத் தேட இடமில்லாமல் இல்லை. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் புனித ஜார்ஜ் கோட்டையின் இராணுவத் துறைப் பதிவேடுகள் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து தொடர்ச்சியாக இருக்கின்றன. கம்பெனிக்காரன் மனிதனை மறந்தாலும் சம்பளக் கணக்கை மறக்க மாட்டான். 1782, 1795 ஆண்டுக் கட்டுகளில் திருகோணமலை என்று தலைப்பிட்ட கடிதங்களை வரலாறு படிக்கும் மாணவர் ஒருவர் உட்கார்ந்து புரட்டினால், சுபேதார், ஜமேதார்கள் பெயராவது சில கிடைக்கும். பென்ஷன் கேட்டு விதவைகள் போட்ட மனு ஏதாவது அகப்படலாம். கிடைத்தவரை தொகுத்துத் திருகோணமலை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவையுங்கள். அந்த மாடியில் சுவர் நிறைய காலியாகத்தான் இருக்கிறது. ஆய்வு அனுமதிக்குக் கல்வி நிறுவனத்தின் கடிதத்தோடு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.